அண்ணனுக்கு இருந்தது கூச்சமல்ல

வவுணதீவில் எங்கள் வீட்டுத் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். பேச்சு பிந்தித்தான் வந்தது. வந்த பின்னும் ஒருவர் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். யாரும் கேட்டால், "அவனுக்குக் கூச்சம்" என்று அம்மா சமாளிப்பார். நாங்களும் அதையே சொல்லிப் பழகினோம்.

உண்மையில் அந்த வீட்டுக் கூச்சக்காரி நான்தான். ஆட்கள் வந்தால் குசினிக்குள் ஒளிவேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும். என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் அங்கேயே நின்றுவிடும். அண்ணனுக்கு அந்தப் பயமே இல்லை. எனக்குக் கலியாணம் பேச வந்தவர்களிடம், சுவரைப் பார்த்தபடி, "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டவர் அவர்! அவரைக் கலக்கியவை வேறு: திடீர்ச் சத்தம், ஆட்கள் தொடுவது, வழக்கம் மாறுவது. எங்கள் வட்டையில், அந்த வயல்வெளியில், தண்ணீர் பார்த்தது அவர்தான். வரம்பு வாய்களைத் தினமும் ஒரே ஒழுங்கில் திறப்பார், அடைப்பார். அயல் வயற்காரரும் தண்ணீரை அவரிடமே விட்டிருந்தார்கள்.

யுத்த காலத்தில் ஒருநாள், பல் வருத்தத்துக்கு மருந்தெடுக்க அவரை வாவிக்கு அக்கரையில் டவுனுக்குக் கூட்டிப்போனேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நடந்தோம். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன், "பேர் என்ன?" என்றான். அண்ணனும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பேர் என்ன?" என்றார். தன்னைப் பகிடி பண்ணுவதாக அவன் கொதித்தான். நான் பதறி, "கூச்சம் சேர், கூச்சம்" என்றேன். கூச்சமென்றால் அதட்டினால் வாய் திறக்கும் என்று நினைத்தானாக்கும். அண்ணனின் காதுக்குள் கத்தி, தோளைப் பிடித்து உலுக்கினான். அண்ணன் அலறிக்கொண்டு ஓடப் பார்த்தார். துவக்குகள் நிமிர்ந்தன. ஐயோ, என் வாயாலேயே அண்ணனைக் கொல்லக் கொடுத்தேனே!

எங்களிடம் போகத்துக்குப் போகம் நெல் எடுக்கும் ஏறாவூர் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், வரிசையில் பின்னால் நின்றார். கைகளை உயர்த்திக்கொண்டு முன்னுக்கு வந்து சிங்களத்தில் மன்றாடினார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு பஸ்ஸில்தான் எனக்குச் சொன்னார்: "நெல்லு ஈரமெண்டா சொந்த வாப்பாக்கு முன்னுக்கே ஈரமெண்டு செல்ற ஆள், பொய் வராது எண்டன். தொடாம, தள்ளி நிண்டு, மெள்ளக் கேளுங்க எண்டன்."

அப்படியே கேட்டார்கள். அண்ணன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், கேளாமலே பஸ் இலக்கத்தையும் சொன்னார். விட்டார்கள்.

"இனி ஒருத்தருக்கிட்டயும் கூச்சமெண்டு செல்லாத புள்ள" என்று காக்கா என்னைக் கண்டித்தார்.

அண்ணனுக்குத் தலை நரைத்த பிறகுதான் ஒரு வைத்தியர் அதை ஓட்டிசம் என்றார். என் கூச்சம் வயதோடு குறைந்துவிட்டது. அண்ணன் கடைசிவரை அண்ணனாகவே இருந்தார். நாங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவரது கடைசி நாட்களில், சொல்லிவிட்டே தொட்ட தாதிக்கும், காக்காவின் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் அவர் மறைந்த இந்த ஓராண்டு நிறைவில் எங்கள் நன்றி.

பறைமேளம் அடிக்க நான் விடவில்லை என்று சிலருக்கு இன்னும் மனவருத்தம். "செத்த ஆளுக்குக் கேக்கவா புள்ள போகுது?" என்று சித்தப்பா கோபித்தார். எனக்குத் தெரியாது சித்தப்பா. அண்ணனைப் பற்றித் தெரியாமல் ஒருமுறை வாய் திறந்தது போதும். மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு தட்டும் தட்டாமல், மயானம் வரை எங்களோடு நடந்து வந்த மேளகாரருக்குத்தான் என் பெரிய நன்றி.