ஏலக்காய் ஸ்டோரில் காயவைத்த துப்பாக்கிகள்

அந்த சீரியலில் துப்பாக்கி வளைகிற இடம் வந்தால் எங்கள் ஊரே சிரிக்கும். டீக்கடையில் செல்போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

கேரளத்து மலையில், உடும்பஞ்சோலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. தோட்டத்து ஸ்டோர் என் பொறுப்பு. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பு. அதிலிருந்து தகரக் குழாய்கள் உள்ளே ஓடும். அந்தச் சூட்டில் தட்டுத் தட்டாகக் காய் உலரும். விறகு தள்ளுவது, ஆவி போகக் கதவு திறப்பது, தட்டு மாற்றுவது எல்லாம் நான்தான். ஒட்டினாற்போல ஓர் அறை. அதில் நானும் மனைவியும் இருக்கிறோம்.

முதலாளி காய் மட்டும் வராது. சுற்றியுள்ள சின்னத் தோட்டக்காரர்களும் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். வேறு ஸ்டோர்களும் உண்டு. ஆனால் இங்கே காய் சுத்தமாக மணக்கும் என்று ஒரு பெயர். ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். போடியில் ஏலம் விடும்போது வியாபாரி ஒரு சாம்பிள் காயை உடைத்து மூக்கில் வைப்பான். முகம் சுளித்தால் முடிந்தது. அந்தக் காய் மட்டும் இல்லை, ஸ்டோர் பெயரும் போகும். பெயர் போனால் காய் வராது. காய் வராத ஸ்டோருக்கு ஆள் எதற்கு என்று முதலாளி கேட்பார். அறையும் போகும். எனக்கு வேறு வீடு கிடையாது.

அதனால் உள்ளே பீடி கூடாது. செருப்பு கூடாது. வாசனை எண்ணெய் தேய்த்தவன் வாசலோடு நிற்க வேண்டும். கருவாடு வறுப்பதென்றால் மனைவி ஓடைக்கு அந்தப்பக்கம் கல் கூட்டி வறுப்பாள். என்னைத் திட்டிக்கொண்டேதான் வறுப்பாள். இருந்தாலும் அங்கே போய்த்தான் வறுப்பாள்.

அவள் தம்பிக்கு என்னை ஆகாது. எனக்கும் அவனை ஆகாது. ஜீப் ஓட்டுவான். ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுப்பான். உடம்பெல்லாம் சென்ட் அடித்துக்கொள்வான். அவன் வருவது அவனுக்கு முன்னால் தெரிந்துவிடும்.

டி.வி.க்காரர்களைக் கூட்டி வந்தது அவன்தான். மலையாள சீரியல். அந்தக் காலத்துப் பெரிய சண்டையில், கோவேறு கழுதைகளோடு போன ஒரு பட்டாளம் வழி தப்பி ஏலக்காட்டில் தங்கிவிடுகிறது. சண்டை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சிப்பாய்கள் அடிக்கிற கூத்துதான் கதை. அதில் ஒரு தமிழன் உண்டு. துப்பாக்கியைக் கண்டால் வேட்டியை நனைப்பான். அவனுக்கு வேறு வேலை இல்லை.

அந்த வேஷத்துக்கு என்னைக் கேட்டார்கள்.

"சும்மா வந்து நில்லுங்க மாமா. ஒங்க மூஞ்சிக்கு நடிக்கவே வேணாம்" என்றான் மச்சினன்.

"நீயே நனைச்சுக்க" என்றேன்.

பிறகு சாவி கேட்டான். துப்பாக்கிகள் மழையில் நனைகின்றனவாம். ஸ்டோருக்குள் வைக்க வேண்டுமாம்.

"குடுக்க முடியாது."

"முதலாளிகிட்ட பேசிட்டேன்."

"அப்ப சாவியும் அவருகிட்டயே வாங்கிக்க."

முதலாளி மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருக்கிறவர். போனில் கூப்பிட்டார். வராந்தாவில் வைக்கட்டும், உள்ளே வேண்டாம் என்றார். அவருக்கும் வாடை தெரியும்.

வராந்தா அவர்கள் கைக்குப் போனது. சுவர் நெடுக துப்பாக்கி சாய்த்து வைத்தார்கள். பாதி மரம். பாதி ரப்பர், விழுகிற காட்சிக்கும் மண்டையில் அடிக்கிற காட்சிக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் நிஜம்தான். ரப்பர் துப்பாக்கியைக் கனம் என்று நினைத்துத் தூக்கினால் கை மேலே போய்விடும். அதற்கும் ஒரு சிரிப்பு. வெடிச்சத்தம் வருகிற இரும்புத் துப்பாக்கி இரண்டே இரண்டு. அவற்றை ஓர் ஆள் பெட்டியில் பூட்டி, பெட்டிமேலேயே உட்கார்ந்து சாப்பிடுவான்.

நான் விறகு சுமந்து போகும்போதெல்லாம் எவனாவது ஒருவன் முதுகில் துப்பாக்கியை வைப்பான். "கை பொக்கடா பாண்டி" என்பான். கையைத் தூக்கு என்று அர்த்தம். விறகோடு எப்படித் தூக்குவது? மச்சினனும் அவர்களோடு நின்று சிரிப்பான். பாண்டி என்றால் தமிழன். அவனும் பாண்டிதான். அது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

மனைவி அவன் பக்கம்.

"எந்தம்பி இப்பத்தான் தலையெடுக்குறான். ஒங்களுக்கு பொறுக்கல" என்றாள்.

"தலையெடுக்கட்டும். வராந்தாவோட எடுக்கட்டும்" என்றேன்.

ஐப்பசி மழை விடவே இல்லை. சாரல் வராந்தாவில் அடித்துத் துப்பாக்கிகளின் கறுப்புச் சாயம் கரைந்தது. நடிகர்கள் கை கறுத்தது, சட்டை கறுத்தது. எல்லாத் துப்பாக்கிக்கும் மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். நல்ல பெயிண்ட், தின்னர் கலந்தது. அந்த ஈரத்தில் எங்கே காயும்? தொட்டால் விரலில் ஒட்டியது. வாடை மட்டும் நன்றாக வந்தது. ஸ்டோர் கதவு இடுக்கில் நான் சாக்கைத் திணித்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து போடியில் என் பெரியப்பா மகன் செத்துப்போனார். துட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. அன்று காலையில்தான் புதுக்காய் பரப்பியிருந்தேன். சின்னத் தோட்டக்காரர்கள் காய்தான் பெரும்பாலும். மனைவிக்கு அடுப்பு தெரியும். சாவியை அவளிடம் கொடுத்தேன்.

"ஒந்தம்பிகிட்ட குடுத்துராத."

"எனக்குத் தெரியும். போயிட்டு வாங்க."

போய்ப் பிணத்தை எடுத்துப் போட்டுவிட்டு, குளித்து, மறுநாள் காலையில் ஏலக்காட்டு வேலைக்கு வருகிற பெண்களின் ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு தாண்டி எங்கள் வளைவில் இறங்கினேன். அங்கேயே மூக்கில் ஏறியது. ஏலக்காய் மணம் இல்லை. பெயிண்ட்.

செருப்போடு உள்ளே ஓடினேன். எத்தனையோ வருடத்தில் அன்றுதான் செருப்போடு போனேன்.

தட்டுகளில் காய்மேல் துப்பாக்கிகள் படுத்திருந்தன. மரத் துப்பாக்கிகள் நன்றாகக் காய்ந்து பளபளவென்று இருந்தன. ரப்பர் துப்பாக்கிகளைக் கீழ்த் தட்டில் குழாய்க்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். சூட்டில் அவை தளர்ந்து, குழல் தட்டுக்கு வெளியே புடலங்காய் மாதிரி தொங்கியது. ஒரு காயை எடுத்துக் கடித்தேன். நாக்கில் தின்னர். மேல் தட்டில் எடுத்தேன். அதுவும் தின்னர்.

மனைவி வாசலில் நின்றாள்.

"பெயிண்ட் காயலன்னான். ஓரமா கொஞ்ச நேரம் வச்சு எடுத்துக்கிறேன்னான். ரப்பரையும் சேத்து வப்பான்னு எனக்கென்ன தெரியும்? சூட்டிங் நின்னா அவன் பேரு கெட்டுருமாம்."

"அவன் பேரா?" என்றேன்.



மச்சினன் வந்தான். தட்டைப் பார்த்தான். முதலில் அவன் முகம் வாடியது ரப்பருக்காக, காய்க்காக இல்லை.

"ஐயோ, வளைஞ்சு போச்சே" என்றான்.

"காயி போச்சு."

"காயில என்ன மாமா? கழுவிப் பரத்துங்க. இல்லாட்டி நல்ல காயோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து விடுங்க. எவனுக்குத் தெரியும்?"

அடித்திருப்பேன். அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். துப்பாக்கி எங்கே என்று கத்திக்கொண்டு வந்தவர், தொங்குகிற ஒன்றைக் கையில் எடுத்தார். தோளில் வைத்துக் குறி பார்த்தார். குழல் குனிந்து அவர் கால் கட்டைவிரலைப் பார்த்தது. சிரித்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "இது மதி, இது மதி" என்றார். இதுவே போதும் என்கிறார்.

மழை சற்று வெறித்தது. உடனே படம் எடுத்தார்கள். மேஜர் சுடு என்று கத்துகிறார். வரிசையாகத் துப்பாக்கிகள் தலை குனிகின்றன. தமிழன் வேட்டியை நனைக்கிறான். நான் கெட்டுப்போன காயைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் உள்ளே வந்தது.

பாதி எடுக்கும்போது மறுபடி மழை பிடித்தது. மீதி நாளைக்கு என்று துப்பாக்கிகளை வராந்தாவில் போட்டுவிட்டு ரூமுக்குப் போனார்கள். நான் வளைந்தவற்றை எல்லாம் பொறுக்கி ஸ்டோருக்குள் போட்டேன். இனி உள்ளே கெடுவதற்கு ஒன்றும் இல்லை. பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

காலையில் வந்து பார்த்தார்கள்.

"மாமா, வெளையாடாதீக. பாதி சீன் எடுத்தாச்சு. அதே துப்பாக்கி வேணும்" என்றான் மச்சினன்.

"அதே காயி எனக்கும் வேணும்."

கம்பெனி மேனேஜர் என்று ஒரு தடியர். "போலீஸை விளிக்கும்" என்றார்.

"விளிங்க. துப்பாக்கி காணோம்னு சொல்லுங்க. அது எப்புடி ஸ்டோருக்குள்ள வந்துச்சுன்னு நான் சொல்றேன்."

தடியர் குரல் இறங்கியது. காய்க்குக் கம்பெனி விலை கொடுத்துவிடும் என்றார்.

"அது காய்க்காரங்களுக்கு. குடுத்துருங்க. நான் கேக்குறது வேற." மச்சினனைக் காட்டினேன். "இவன் எங்கூட வரணும். காயி குடுத்த ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, நாந்தான் துப்பாக்கிய உள்ள வச்சேன், ஸ்டோர்க்காரன் ஊர்ல இல்லைன்னு இவன் வாயால சொல்லணும். சொல்லிட்டு வந்தா சாவி."

"வீடு வீடாப் போயி நான் அசிங்கப்படணுமா?"

"ஆமா."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் காலியான தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போடா" என்றாள்.

அவன் முன்னால் நடந்தான். நான் பின்னால். என் தோளில் கெட்ட காய்ச் சாக்கு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன். கடித்துப் பார்க்கட்டும் என்று. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முதல் வீட்டில் வாய்க்குள்ளேயே சொன்னான்.

"சத்தமா சொல்லு" என்றேன்.

ஒருவர் காயைக் கடித்துவிட்டு, "பட்டாளத்து மணமால்ல வருது" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சுண்டியது. இன்னொருவர், "மாமனும் மச்சினனும் கூட்டு. இப்ப எதுக்கு வேஷம்?" என்று கதவைச் சாத்தினார். ஓடைக்குக் கீழே கொஞ்சம் இடம் வைத்து ஒண்டியாகப் பிழைக்கிற அம்மா ஒருத்தி உண்டு. காயைக் கடித்து அவன் காலடியில் துப்பினாள்.

"ஒன் மேல அடிக்கிற நாத்தம் பத்தலைன்னு எங்காயிலயும் அடிச்சியாக்கும்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"எம்பொண்டாட்டிகிட்ட."

"அப்ப ஒங்கிட்ட இருந்த மாதிரிதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

 எல்லா வீடும் முடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். அவர்கள் மீதிப் படத்தை எடுத்தார்கள், சிரித்தார்கள், போனார்கள்.

முதலாளி போனில் என்னைத்தான் திட்டினார். இந்த சீசன் போகட்டும், பார்க்கலாம் என்றார். என்ன பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். தட்டு, சுவர், கதவு எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். காய் இல்லாமல் வெறும் அடுப்பு எரித்தேன். எரித்து, கதவைத் திறந்து, மறுபடி எரித்தேன். வாடை மரச்சட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சீசன் முழுக்கத் தோட்டத்துக் காய்கூட பக்கத்து ஸ்டோருக்குப் போனது. ஜீப்பில் மூட்டைகள் என் வாசலைத் தாண்டிப் போகும். நான் விறகு பிளந்துகொண்டிருப்பேன்.

மறு சீசனில் முதல் பறிப்புக்கு, துப்பிய அம்மாதான் வந்தாள். தலையில் சின்ன மூட்டை. இறக்கவில்லை. தலைச்சுமையோடே வந்து தட்டை மோந்தாள். சுவரை மோந்தாள். என் சட்டைக்குப் பக்கத்தில் வந்து அதையும் மோந்தாள். சாவி என் இடுப்பில் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எறக்கி விடு" என்றாள்.

அவள் காய் போடி போய்த் திரும்பும் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. காய் தேறியது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கதவைச் சாத்தியவர் இன்னும் வரவில்லை.

மச்சினனும் நானும் பேசுவதில்லை. அக்காவைப் பார்க்க வருவான். போன பொங்கலுக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் கரும்பு. உள்ளே தட்டில் காய் இருந்தது. அவன் வருவது வளைவிலேயே தெரிந்தது, அதே சென்ட். அறைக்குப் போக வராந்தாவில் ஏறித்தான் போக வேண்டும். ஏறக் காலெடுத்தான்.

"அங்கயே நில்லு" என்றேன்.

நின்றான். மனைவி வெளியே போய்க் கரும்பை வாங்கிக்கொண்டாள். அவனுக்குக் காப்பியும் தூறலில்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.