டைரியில் எழுதாமல் விட்டது

குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, விளக்கம் கேட்காமல் எவரையும் தண்டிக்கக் கூடாது. அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இந்த விதியைக் காத்தவன் நான். என் தம்பியையோ, ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்பது ஆண்டுகள் பேசாதிருந்து தண்டித்தேன். அதற்கு ஆதாரமாக ஒரு பொய் ஆவணமும் வைத்திருந்தேன். என் டைரி!

டைரி நல்லதா, கெட்டதா என்று என்னிடமா கேட்கிறீர்கள்?

பணி ஓய்வு பெற்றதும் ரத்த அழுத்தம் ஏறியது. மனத்தில் உள்ளதை எழுதினால் இறங்கும் என்றார் டாக்டர். எழுதினேன். காலைக் காபிக்குப் பின் பழைய பக்கங்களைப் படித்துவிட்டே புதியதைத் தொடங்குவேன். நிலுவைக் கோப்புகளை அப்படித்தானே பார்க்க வேண்டும்?

அந்த ஆண்டுதான் சங்கரன்கோவிலில் மகள் திருமணம். சிவகிரியில் வயல் பார்க்கும் என் தம்பி முருகையா, பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டான். அன்றே எழுதினேன்: 'உடன்பிறந்தவன் சாப்பிடாமல் போனான். சம்பந்தி வீட்டார் முன் தலைகுனிவு.' சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

கோபம் ஆறவே இல்லை... ஆற விட்டால்தானே! ஒவ்வொரு புது டைரியின் முதல் பக்கத்திலும் அந்த வரிகளைப் பெயர்த்தெழுதினேன். ஒரு மாத்திரை இரண்டாயிற்று.

மாத்திரையை நீட்டியபடி ஒருநாள் என் மனைவி கோமதி கேட்டாள்: "டைரி எழுதுதியளா, தம்பி மேல கேஸு கட்டுதியளா?"

"நடந்ததத்தான் எழுதுதேன்."

"அப்போ பந்தில நீங்க சொன்னது எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டுங்க பாப்போம்."

காட்ட முடியவில்லை. ஏனென்றால்...

அன்று தம்பி பரிமாறிக்கொண்டிருந்தான். சம்பந்தியின் வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டது. அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன்: "ஏலே, ஒனக்கு வயக்காடுதாம்ல லாயக்கு. வாளிய வச்சிட்டுப் போ!"

போனான். போகச் சொன்னவன் நான்! மறதி என்று நினைக்கிறீர்களா? இல்லை. தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன்.

இந்தச் சித்திரையில் அதை எழுதினேன். தவறு என்னுடையது என்றும் எழுதினேன். பக்கத்தைக் கிழித்து, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். சிரியுங்கள்! ஃபோனில் அவன் குரலைக் கேட்கத் துணிவில்லை.

அதன் பிறகு டைரியைத் திறக்கவில்லை. மூச்சு இலகுவாக வந்தது. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். எழுதியதால் குணமா, நிறுத்தியதால் குணமா? அவருக்கும் தெரியவில்லை.

ஒப்புகை அட்டை நான்காம் நாளே வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பக் கை துறுதுறுத்தது. கோமதி பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

கடைசியில் ஓர் அஞ்சலட்டை: 'அண்ணே, நீங்கதான் எழுதுனியளான்னு ரெண்டு தடவ படிச்சேன். மறந்துட்டேன்னு எழுத வரல. அடுத்து வந்தா சாப்பிட்டுட்டுத்தான் போவேன். எப்பம் வருவேன்னு மட்டும் கேக்காதீய.'

கேட்க மாட்டேன். நெஞ்சு லேசாகத்தான் இருக்கிறது... ஆனால் அந்த வாளி இன்னும் கண்முன் நிற்கிறது. அட்டை வந்த நாளை அதன் மூலையில் குறித்துவைத்தேன்: ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள்.