கராஜ் வாசலில் இரண்டு சோடி

இந்த ஊரில் வீட்டின் முன்சுவரில் பாதி, கதவுதான். ஒஹையோவுக்கு வந்த புதிதில், பொத்தானை அமுக்கியதும் அது நெளிந்து ஏறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்வதை நானும் என் மனைவி பேச்சியும் வாய் பிளந்து பார்ப்போம். கராஜ் என்கிறார்கள், கார் தூங்க ஓர் அறை. ஒரு வெள்ளிக்கிழமை கதவு பாதியில் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. அதைத் தூக்கும் இரும்புக் கயிறுகளில், அதாவது கேபிள்களில், ஒன்று அறுந்து சிலும்பிக் கிடந்தது. பழுது பார்க்கிறவர் செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். காரோ உள்ளே. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த பக்கத்து வீட்டு டான், மறுநாள் காலையில் நாமே மாற்றிவிடலாம் என்றார்.

கதவு மூடியிருக்கும்போதுதான் ஆபத்து என்று அவர் சொன்னார். அப்போது மேலே உள்ள ஸ்பிரிங் விறைத்து நிற்கும், தொட்டால் முகத்தைப் பிய்த்துவிடும். ஆகவே மோட்டாரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கதவை முழுக்க மேலே ஏற்றி, அது ஓடும் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும், கவ்விய பிடியை விடாத பூட்டுக் குறடு போட்டு இறுக்க வேண்டும். கூடுதல் பாதுகாப்புக்காகக் கதவுக்கடியில் ஓர் ஏணியும் நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த பிறகுதான் கேபிளில் கை வைக்கலாம்.

சிவகாசியில் ஆறு சீசன் பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசராக நின்றவனுக்கு, சும்மா கிடக்கும் பொருளைக் கண்டு பயப்படச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பயத்தில்தான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு கராஜுக்குள் போனேன். ஊரில் வெடிமருந்து அறைக்குள் யாரும் செருப்போடு நுழைய மாட்டோம். அடியில் ஒட்டிய ஒரு மணல் உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் காலெடுத்து வைப்போம். இங்கேயும் என் கை தானாக நிலையைத் தடவியது. தகடு இல்லாதது ஒரு மாதிரி இருந்தது.

டான் என் காலைப் பார்த்துத் திகைத்து, பூட்ஸ் எங்கே என்றார். பாதுகாப்புக்காகத்தான் கழற்றினேன் என்றேன். அவர் அதை எங்கள் சாமி வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, தம் பெரிய பூட்ஸையும் அவிழ்த்து என் செருப்புக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, திருத்தவில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம்.

கதவை இருவருமாக ஏற்றினோம். வலப்பக்கக் குறடு நான் இறுக்கியது. அரைச் சுற்றுக் குறைவு. அது நழுவியதும் மற்றதும் தாங்காமல் கதவு இறங்கி ஏணியின் மேல் மோதி நின்றது. அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவும் வேண்டாம். உள்ளே இருட்டிவிட்டது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

கதவுக்கடியில் இடுப்பளவு வெளிச்சம் இருந்தது. அதில் பேச்சியின் நைட்டி விளிம்பும் வெறுங்கால்களும் தெரிந்தன. சத்தம் கேட்டால் வெட்டவெளிக்கு ஓடு என்று, முன்பு அவளும் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பழக்கியபடி, முன்வாசல் வழியாக வெளியே ஓடி வந்திருக்கிறாள். ஆனால் எங்கள் காலணிகளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். முகம் தெரியவில்லை. பேச்சி, ஒண்ணுமில்ல புள்ள என்று நான் கூப்பிட்டேன். கால்கள் அசையவில்லை.

"ரெண்டு சோடி," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "ரெண்டு பேரு."

அழுகை இல்லாத குரல். போனில் விலாசம் சொல்கிற குரல். என்னைச் செத்தவனாக எண்ணி முடித்துவிட்டாள், நான் பேசுவது அவள் காதில் ஏறவே இல்லை. குனிந்து வெளியே வந்து, அவள் பார்த்துக்கொண்டிருந்த செருப்புக்குள் காலை நுழைத்தேன். அதன் பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

என்னம்மா ஆச்சு என்று டான் விசாரித்தார். எங்களை எண்ணினாள் என்றேன். இரண்டு பேரும் இருக்கிறோமே, கணக்குச் சரிதான் என்று அவர் சிரித்தார்.

விபத்தில் அவள் அக்கா போனது எனக்குத் தெரியும். மீதியை அன்றுதான் புல்வெளியில் உட்கார்ந்து சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் அக்காவும் இவளும் ஒரே அறை. அறைக்கு நான்கு பேர். இவள் வெறுங்காலோடு தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அறை வெடித்துப் போய்விட்டது. வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணி, போர்மேன் நான்கு பேர் பெயரையும் வாசித்தார். வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் நின்று தன் பெயரைத் தானே கேட்டிருக்கிறாள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறாள். கூப்பிடக் குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்றும் தெரியவில்லை.

"அப்புறம் செருப்ப எடுக்கப் போனேன். எங்கம்மா விடல. 'அது செத்தவ செருப்பு, தொடாத'ன்னுட்டாக."

டானிடம் பூட்ஸைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நானும் ஷூ மாட்டினேன். குறடுகளை இரண்டு முறை சோதித்து, கேபிளை மாற்றினோம். கதவு இன்று ஒழுங்காக ஏறி இறங்குகிறது.

பேச்சி மட்டும் இந்த நாட்டில் எந்த வாசலிலும் செருப்பை விடுவதில்லை. கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் வைக்கிறாள். எங்கள் வாசலைப் பார்த்து எண்ணுகிறவர்களுக்கு இங்கே நான் ஒருவன்தான். விஸ்வநத்தத்தில் அன்று எண்ணிய செருப்புக் கணக்கில் அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவே இல்லை.