ப்ரீத்திக்கு இரண்டு இனிஷியல்

சிதம்பரம் மேலவீதியில் ஒரு வளையல் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போனால் எங்கள் ஆபீஸ். போர்டில் 'டெக்னாலஜீஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே ஐந்து மேசையும் முதலாளி சக்கரபாணி சாரின் அதட்டலும்தான். கல்லூரிகளுக்கும் டிரஸ்டுகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். நான் பவானி, பெண்ணாடத்துக்காரி. போன் எடுப்பது, பில் போடுவது, "நாளைக்கு முடிஞ்சிடும் சார்" என்று தினமும் யாரிடமாவது பொய் சொல்வது என் வேலை. எனக்குப் புரோகிராம் எழுத வராது. ஆனால் எழுதுகிறவர்கள் நடுவிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்ததில், எது எங்கே இடிந்து விழுந்தது என்று சொல்லும் அளவுக்குக் காதில் விழுந்திருக்கிறது.

குணசுந்தரி எனக்குப் பக்கத்து மேசை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுருக்கென்று இருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மீன் வாசனை வருகிறது என்று சார் ஒருமுறை முகம் சுளித்தார். மறுநாளிலிருந்து அவருடைய அறை வாசலுக்கு நேராக உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அதைப் பார்த்த அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

2004 டிசம்பரில் கடல் ஏறி வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சிதம்பரத்தில் விடுதியில் இருந்தாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று ஊருக்குப் போகவில்லை. அதனால் அவள் பிழைத்தாள். பெரியண்ணன் சடையப்பனும் அண்ணியும் போய்விட்டார்கள். அவர்களுடைய மகள் ப்ரீத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது சின்னண்ணன் ஜெயசீலன். தூக்கியவர் அதன்பிறகு இறக்கிவிடவே இல்லை என்று குணசுந்தரி சொல்வாள். தனக்கென்று கல்யாணம், குழந்தை எதையும் அவர் யோசிக்கவில்லை. அண்ணன் பிள்ளையே அவர் பிள்ளை என்று ஆகிவிட்டது.

அந்தத் தெருவில் அப்போது ஒரு வழக்கம் வந்தது. பெற்றவரை இழந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்க்கும்போது, வளர்க்க முன்வந்தவர் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக முன்னால் போட்டு, செத்துப்போன அப்பாவின் எழுத்தை அதற்குப் பின்னால் போட்டார்கள். இருப்பவரும் இருக்கட்டும், போனவரும் இருக்கட்டும் என்ற எண்ணம். அப்படித்தான் அவள் ஆங்கிலத்தில் ஜெ புள்ளி, எஸ் புள்ளி, ப்ரீத்தி ஆனாள். அந்தப் பக்கம் அதேபோல் இரண்டு எழுத்துப் பிள்ளைகள் நிறைய.

2012-இல் ப்ரீத்தி பிளஸ் டூ முடித்தாள். நர்சிங் படிக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். ஆனால் முந்தைய வருடக் கடைசியில் அடித்த தானே புயல் ஜெயசீலனின் படகை இரண்டாகப் பிளந்துவிட்டிருந்தது. அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். படிக்க வைக்க வழியே இல்லை. அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு டிரஸ்ட், சுனாமியில் பெற்றவரை இழந்த கடலோரப் பிள்ளைகளுக்கு விடுதியோடு சேர்த்து இலவச நர்சிங் படிப்பு என்று அறிவித்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். அந்த இணையப் பக்கத்தைச் செய்யும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. குணசுந்தரி அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். கடவுள் ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறது என்றாள். கடவுள் விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவசரப்பட்டுவிட்டோம்.

வேலையை இரண்டாகப் பிரித்தார் சார். திரையில் தெரியும் பக்கம் அவருடைய மச்சான் அருண்பாண்டியனுக்கு. அவன் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில். பின்னால் சர்வரில் விண்ணப்பத்தை வாங்கிப் பதிகிற வேலை குணசுந்தரிக்கு, அது ஜாவாவில். கேட்டால் அக்கா தங்கை பெயர் போல இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பெயர்க் கட்டத்தில் கண்டதையும் அடிக்காமலிருக்க ஒரு விதி எழுத வேண்டும். அதை ரெஜெக்ஸ் என்பார்கள். அருண்பாண்டியன் எழுதிய விதி இது: ஒரு பெரிய எழுத்து, ஒரு புள்ளி, அதன்பின் பெயர். குணசுந்தரிக்கு உடனே சந்தேகம் வந்தது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தாயிற்றே என்று. அவன் சிரித்துக்கொண்டே, நீயே அடித்துப் பார் என்றான். அவள் ப்ரீத்தியின் பெயரையே இரண்டு எழுத்தோடு அடித்தாள். பக்கம் ஏற்றுக்கொண்டது. "உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது, நன்றி" என்று பச்சையில் வந்தது.

விதி இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது சக்கரபாணி சாரின் சட்டம். அதனால் அவள் அந்த விதியை ஓர் எழுத்து மாறாமல் ஜாவா பக்கத்துக்கு எடுத்துக்கொண்டாள். விதிக்குள் வருகிற சாய்கோட்டை ஜாவாவில் மட்டும் இரண்டாகப் போட வேண்டும். அதைக்கூட அவள் மறக்கவில்லை. கவனமில்லாமல் செய்தாள் என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்கு நிற்பேன்.

விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் பிரவுசிங் சென்டர்களில் வரிசையில் நின்று பதிந்தார்கள். ப்ரீத்தியும் பதிந்தாள். நன்றி வந்தது.

கடைசி நாள் மதியம் ப்ரீத்தி ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாள். குணசுந்தரிக்குக் கொடுத்தேன். தன் தோழிகளுக்கெல்லாம் பதிவு எண்ணோடு எஸ்.எம்.எஸ். வந்துவிட்டதாம், தனக்கும் இன்னும் சிலருக்கும் மட்டும் வரவில்லையாம். யார் யாருக்கு வரவில்லை என்று குணசுந்தரி கேட்டாள். அந்தப் பக்கம் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, இவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. அத்தனையும் இரண்டு எழுத்துப் பெயர்கள்.

போனை வைத்துவிட்டு அவள் ஜாவா பக்கத்தில் அந்தப் பெயரை ஓட்டிப் பார்த்தாள். பொருந்தவில்லை. திரைப் பக்கத்தில் ஓட்டினாள். பொருந்தியது. அதே விதி, அதே பெயர். சுவரில் தலை சாய்த்து நின்றுகொண்டுதான் எனக்கு விளக்கினாள். அருண்பாண்டியன் எழுதிய விதத்தில் ஜாவாஸ்கிரிப்ட் பெயருக்குள் எங்கேயாவது ஒரு துண்டு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்குமாம். முன்னால் நிற்கும் 'ஜெ'யை விட்டுவிட்டு, மீதியைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டது. அவள் ஜாவாவில் எழுதிய விதத்தில் பெயர் தலையிலிருந்து கால்வரை முழுக்கப் பொருந்த வேண்டுமாம். ஒரு வாசலில் கால் விரல் உள்ளே வந்தாலே ஆள் வந்தாச்சு. இன்னொரு வாசலில் முழு ஆளும் உள்ளே வந்தால்தான் உண்டு. இரண்டு வாசலுக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

அதைவிடக் கொடுமை, சர்வர் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்பே அருண்பாண்டியனின் பக்கம் நன்றி சொல்லிவிடும். பக்கம் வேகமாக இருப்பதுபோலத் தெரிய வேண்டுமென்று சார்தான் அப்படிச் செய்யச் சொன்னார். சர்வர் வேண்டாமென்று தள்ளிய பெயர்கள் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. யார் யார் தள்ளப்பட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே வழி இல்லை.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. ஆனால் சர்வர் சென்னையில், டிரஸ்ட்டின் கையில். திருத்தியதை அவர்கள் ஆள்தான் அதில் ஏற்ற வேண்டும். நான் போன் போட்டேன். அந்த ஆள் நாளைக் காலை வந்து ஏற்றுவதாகச் சொன்னார். இன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறதே என்றேன். அது தன் பொறுப்பில்லை என்றார். தேதியை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன். அறிவித்த தேதியை மாற்ற முடியாது என்றார்கள். பிறகு அவர்களே ஒரு வழி சொன்னார்கள்: ஓர் இனிஷியலை எடுத்துவிட்டுப் பதியச் சொல்லுங்கள், சான்றிதழில் ஒன்று அதிகமாக இருந்தால் ஏற்றுக்கொள்வோம், பெயர் மட்டும் மாறக் கூடாது. ஆனால் பதிகிற பெயர்தான் கடைசிவரை நிற்கும். பிறகு சேர்க்க முடியாது.

அந்த வருடத்து மின்வெட்டு தெரிந்தவர்களுக்குத் தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சார் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வெளியில் மூச்சு விடாதீர்கள், காண்ட்ராக்ட் போய்விடும் என்றார். நான் லைனைத் துண்டித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது.

பிறகு நானும் குணசுந்தரியும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டோம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், முதுநகர், பரங்கிப்பேட்டை என்று எங்கெங்கே பிரவுசிங் சென்டர் இருக்கிறதோ எல்லாவற்றுக்கும் போட்டோம். பல இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்த இடத்தில் எங்களைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். இரண்டு எழுத்துப் பிள்ளைகள் யாராவது வந்தார்களா, அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், ஓர் எழுத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்று கத்தினால் யாருக்குத்தான் புரியும். ஒருவர் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டார். கேட்டாரா என்பதே தெரியாது. பரங்கிப்பேட்டையில் கரண்டே இல்லை. குணசுந்தரி நடுவில் ஒருமுறை போனை மேசையில் அடித்தாள். எத்தனை பிள்ளைகள், எந்தெந்த ஊர், ஒன்றும் தெரியாமல் குருட்டுத்தனமாக அடித்துக்கொண்டே இருந்தோம்.

மூடுவதற்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ப்ரீத்தியின் அழைப்பு வந்தது. மஞ்சக்குப்பத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு சென்டரைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். ஜெயசீலனும் கூட இருந்தார். எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, பெயர் மட்டும் பாக்கி. ஸ்பீக்கரில் போட்டோம்.

"அத்தை, ரெண்டுல யாரோடத எடுக்கறது?"

நாங்கள் மதியத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தது இதைத்தான். எடு, எடு என்றோமே தவிர எதை என்று ஒருவரும் கேட்கவில்லை; நாங்களும் யோசிக்கவில்லை. எந்திரத்துக்கு எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

பின்னாலிருந்து ஜெயசீலனின் குரல் கேட்டது. "என்னுத எடுத்துடச் சொல்லு குணா. அண்ணன் எழுத்து இருக்கட்டும்."

"நான் எடுக்க மாட்டேன்" என்றாள் ப்ரீத்தி. "சித்தப்பா இங்க பக்கத்துல நிக்கிறாரு. அவர வச்சிக்கிட்டு எப்படி அத்தை அழிக்கறது."

நேரம் போய்க்கொண்டிருந்தது. குணசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள். டிரஸ்ட் கேட்பது செத்தவர்களின் பிள்ளையை. இறப்புச் சான்றிதழில் இருப்பது சடையப்பன். அந்த எழுத்து இல்லாமல் போய் எவனாவது ஒருவன் மறுத்துவிட்டால் எல்லாம் போயிற்று. அவள் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"ஜெ-வ எடு" என்றாள். "யோசிக்காத. எடுத்துட்டு அழுத்து."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து அந்தப் பக்கம் எஸ்.எம்.எஸ். வந்த சத்தமும் கேட்டது. ப்ரீத்தி அழுதுகொண்டிருந்தாள். ஜெயசீலன் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

ப்ரீத்திக்கு இடம் கிடைத்தது. நேர்முகத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போனது குணசுந்தரிதான். ஜெயசீலன் அன்று கடலில் இருந்தார். டிரஸ்ட்டின் பட்டியலில் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று யாரோ ஆச்சரியப்பட்டார்களாம். குணசுந்தரி அங்கேயே நின்று நடந்ததை முழுதும் சொல்லியிருக்கிறாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். சார் அதற்காக அவளை ஒரு மாதம் திட்டினார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. யாராவது இளம் பெண் குரலில் போன் வந்தால் மட்டும் விட்டுப்போன பிள்ளைகளில் ஒருத்தியோ என்று வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள்.

ஆடி கழிந்து ஒரு சனிக்கிழமை. குணசுந்தரி கை கழுவப் போயிருந்தாள். போன் அடித்தது. ஜெயசீலன். பாண்டிச்சேரிப் பக்கம் ப்ரீத்தி தங்கிப் படிக்கிற விடுதி வாசலிலிருந்து பேசினார். பிள்ளைக்குப் பிடிக்குமென்று வஞ்சிரம் வறுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வாட்ச்மேன் பதிவைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு அப்பா பெயர் எஸ்-இல் ஆரம்பிக்கிறது, அவரும் உயிரோடு இல்லை, நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறான். சித்தப்பா என்றால், அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்றானாம். பெண் பிள்ளைகள் விடுதி. அவனையும் குறை சொல்ல முடியாது. பெற்றவரை இழந்த பிள்ளைகளுக்கென்றே செய்த விண்ணப்பத்தில் வளர்ப்பவர் பெயருக்கு ஒரு கட்டம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. டிரஸ்ட்டுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

"மீன அவன்கிட்டயே குடுத்துட்டம்மா, குடுத்துடறேன்னான்" என்றார். "அந்த எழுத்த இப்ப சேக்க முடியுமான்னு கேக்கலாம்னுதான் போட்டேன்."

முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தினமும் பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

அவரே புரிந்துகொண்டார். "சரி விடுங்க. புள்ள உள்ள போயிட்டா இல்ல, அது போதும். குணா கிட்ட சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் குணசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். யார் என்று கேட்டாள். மறைத்துப் பார்த்தேன், விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவை மெதுவாக மூடினாள்.

"ரெண்டு அண்ணன்ல யார எடுக்கறதுன்னு என்னக் கேட்டாங்கக்கா" என்றாள். "உசுரோட இருக்குற அண்ணன எடுத்துட்டேன்."