கிளாஸ் கையில் இருக்கும் வரைக்கும்

கையில் தேத்தண்ணிக் கிளாஸ் வைத்திருக்கிற ஆளுக்கு அடிக்கக் கூடாது என்று என்னுடைய கொட்டிலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நான் வைத்த கட்டுப்பாடு இல்லை. ஆம்பிளைகளுக்கு முன்னால் வாய் திறக்கிற பழக்கமே எனக்கு இல்லை. ஒருவருடைய கண் போனதால் வந்த கட்டுப்பாடு அது.

வெள்ளைக்காரருடைய கடற்படை திருகோணமலையை விட்டுப் போய் ஏழெட்டு வருசம் இருக்கும். துறைமுகத்தில் தேயிலைக் கப்பல் நிறைய வந்த காலம். கார்த்திகை பிறந்து வாடைக்காற்று தொடங்கினால் வெளிக்கடலில் வள்ளம் விட ஏலாது. சல்லிக் கிராமத்து ஆட்களும் உள்துறைமுகத்துக்குள் வந்துதான் வலை போடுவார்கள். அந்த மூன்று மாதமும் துறைமுக வாசலுக்கு வெளியே மதிலோடு ஒரு சந்தை கூடும். மீன், கீரை, விறகு, மூதூரிலிருந்து லோஞ்சில் வருகிற மரவள்ளிக் கிழங்கு. தை முடிய எல்லாரும் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சந்தையின் தொங்கலில், கடைசியாய், என்னுடைய கொட்டில். நாலு கம்பு, மேலே கிடுகு, காற்றடிக்கிற பக்கம் மறைப்புக்குப் பழைய படங்குச் சீலை. இரண்டு அடுப்பு. ஒன்றில் வடை பொரிக்கிற தாச்சி, மற்றதில் பெரிய கறுத்தத் தேத்தண்ணிக் கேத்தில்.

இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி, கொத்தமல்லித் தண்ணி, கடலை வடை, வாய்ப்பன், அவித்த கிழங்கும் சம்பலும். இவ்வளவுதான் என் வியாபாரம். தேயிலைப் பெட்டி ஏற்றுகிற ஆட்கள் மழையில் தோய்ந்துபோய் வந்து அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். சட்டையிலிருந்து ஆவி பறக்கும். வெளியே காற்று ஊளையிட, உள்ளே இஞ்சி வாசமும் எண்ணெய் வாசமும் சூடும். அந்தச் சூட்டுக்குள் நிற்க எனக்கும் விருப்பம். ஆனால் நான் படங்குக்குப் பின்னால் நின்று கையை மட்டும்தான் வெளியே நீட்டுவேன்.

"இவ ஊமையோ?" என்று புதிதாய் வருகிறவர்கள் கேட்பார்கள்.

"ஊமை இல்லையடா, வெக்கம்" என்று பழைய ஆள் ஒருவர் சொல்லுவார். "கதைச்சா எங்கடை காது அழுகிப்போகும் எண்டு நினைக்கிறா போலை."

அந்தக் கண் போன கதை இதுதான். மழைக்கு ஒதுங்குகிற இடத்துக்காக இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஒருவன் மற்றவனுடைய மணிக்கட்டில் கீழிருந்து அடித்தான். கையில் இருந்த தேத்தண்ணி முழுக்கப் பறந்து, பேசாமல் வடை கடித்துக்கொண்டிருந்த கிண்ணியா ஆள் ஒருவரின் முகத்தில் விழுந்தது. வயது போன மனுசன். ஒரு கண் அவித்த முட்டை மாதிரி வெளுத்துவிட்டது. பெட்டி ஏற்றுகிற கூட்டத்துக்கு ஒரு கங்காணி இருந்தார். பெரிய உடம்பு. அவர் அடித்தவனுடைய கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து, அவன் கையை என் தாச்சி விளிம்பில் வைத்து அழுத்தினார். தோல் விளிம்பில் ஒட்டி நின்றது. எல்லாரும் போன பிறகு நான்தான் அதைச் சுரண்டிக் கழுவினேன்.

"இண்டையிலை இருந்து கையிலை கிளாஸ் இருக்கிறவனை ஒருத்தனும் தொடப்பிடாது" என்றார் கங்காணி. "உள்ளுக்குத் தேத்தண்ணி இருக்கும் வரைக்கும். முடிஞ்ச பிறகு வெட்டிக் கொத்துங்கோ, எனக்கென்ன."

அவர்கள் அதை மீறவே இல்லை. எதிரி குடித்து முடிக்கும் மட்டும் பக்கத்தில் நின்று தானும் ஊதி ஊதிக் குடிப்பார்கள். இரண்டு கிளாசும் பலகையில் வைத்த சத்தம் கேட்டவுடன் நான் கேத்திலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவேன். பிறகு பல்லும் இரத்தமும்தான். மழை அதைக் கழுவும்.

என் மனுசனும் அந்தக் கூட்டத்தில்தான் பெட்டி ஏற்றினவர். வீட்டில் கிளாஸ் கட்டுப்பாடு இல்லை. பெட்டியில் கொளுவி இழுக்கிற இரும்புக் கொழுக்கிக்கு மரப்பிடி இருக்கும், அதால்தான் அடிப்பார். முதல் வருசம் ஒரு பல்லு. அடுத்த வருசம் விலா எலும்பு. வயிற்றில் மூன்று மாதமாய் இருந்ததும் அவருடைய காலால்தான் போனது. ஏன் அடிக்கிறார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வடை கல்லுப்போல இருந்ததற்கு அடித்தார். மழை பெய்து வேலை இல்லாமல் போனதற்கு அடித்தார். அழுததற்கு அடித்தார், அழாமல் இருந்ததற்கும் அடித்தார். பிறகு நான் யோசிக்கிறதை விட்டுவிட்டேன்.

அது மார்கழியில் ஒரு காலமை. முதல் நாள் அடித்ததில் என் இடக்கண் வீங்கி மூடியிருந்தது. கிளாஸ் நீட்டுகிற நேரம் பார்த்துக் காற்றுப் படங்கைத் தூக்கிவிட்டது. முன்னால் நின்றவர் கந்தளாய்ப் பக்கத்து ஆள். சண்டை சச்சரவுக்குப் போகாதவர். ஒவ்வொரு நாளும் ஒரு கிளாஸோடு "காணும் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவர் என் முகத்தைக் கண்டுவிட்டார். நான் படங்கை இழுத்துப் பிடித்தேன். அவர் பாதி குடித்த தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

துறைமுகத்துக்குள்ளே பெட்டி அடுக்குகிற கொட்டகையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆட்கள் கதைத்ததைக் கேட்டுத்தான் தெரியும். அந்தக் கந்தளாய் ஆள் என் மனுசனிடம் போய், "அண்ணை, அந்த மனுசி தாற தேத்தண்ணியைத்தான் நாங்கள் எல்லாரும் குடிக்கிறம். அவவின்ரை முகத்தை நீங்கள் ஒருக்கால் பாத்தனீங்களோ?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். என் மனுசன் கொழுக்கியை அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஏற்றிவிட்டார். இழுத்து எடுக்கும்போது சதையும் கூட வந்ததாம்.

எனக்குத் தெரிந்தது, சட்டை முழுக்க இரத்தத்தோடு என் மனுசன் மழைக்குள்ளால் ஓடிவந்து கொட்டிலுக்குள் பூந்ததுதான்.

"ஊத்தடி."

என்ன ஏது என்று கேட்காமல் ஊற்றிக் கொடுத்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். அதற்குள் கங்காணியும் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். எல்லாருடைய கையிலும் கொழுக்கி. பக்கத்து மீன்காரி மீனைப் போட்டபடி எழும்பி ஓடினாள். அவர்கள் கிடுகின் ஓரத்தில், மழை விழுகிற கோட்டில் வந்து நின்றார்கள்.

"வையடா கிளாஸை."

"குடிச்சு முடியேல்லை."

"குடி. ஆறுதலாக் குடி. நாங்கள் ஒரு இடமும் போகேல்லை" என்றார் கங்காணி.

வாசல் காவற்காரன் பொலிசுக்குச் சொல்லிவிட்டான் என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். ரோட்டெல்லாம் வெள்ளம், ஜீப் சுற்றித்தான் வர வேணும். என் மனுசனுக்கும் அது கேட்டது. பொலிஸ் வரும் வரைக்கும் கிளாஸில் தேத்தண்ணி இருந்தால் அவர் உயிரோடு போவார். அந்தத் தேத்தண்ணி என் கையில் இருந்தது.

அடியில் ஒரு மிடறு இருக்கும்போதே என் பக்கம் கிளாஸை நீட்டினார். நான் நிரப்பினேன்.

"இது கள்ளம்!" என்று ஒருவன் கத்தினான். "ஒரு கிளாஸ் எண்டால் ஒரு கிளாஸ்தான்!"

"உள்ளுக்கு இருக்கும் வரைக்கும் எண்டுதான் நான் சொன்னனான்" என்றார் கங்காணி. "சொன்ன சொல்லு சொன்னதுதான்."

"அப்ப இவன் தைப்பொங்கல் மட்டும் குடிச்சுக்கொண்டு நிப்பான்."

"நிக்கட்டும். வயிறு வெடிச்சுச் சாவான். எங்களுக்கு வேலை மிச்சம்."

"மச்சான், ஒரு வடையும் கடியன். வெறும் வயித்திலை அடி வாங்கக் கூடாது."

"மூத்திரம் முட்டேல்லையோடா?"

"அதுக்கும் ஒரு கிளாஸ் குடுங்கோ, ரெண்டு கையிலையும் பிடிக்கட்டும்!"

சிரித்தார்கள். சிரித்தாலும் ஒருவருடைய கண்ணும் அவருடைய கையை விட்டு விலகவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது கிளாஸ். சுடச்சுட விழுங்கி அவருடைய உதடு தடித்துவிட்டது. உடுத்திருந்த சாரத்தின் முன்பக்கம் நனைந்து காலால் வழிந்தது. அது மழை இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு அப்போது பாவமாய்த்தான் இருந்தது. ஜீப் சத்தம் கேட்கிறதா என்று நானும் காது கொடுத்துக்கொண்டுதான் நின்றேன்.

ஐந்தாவதற்கு நீட்டும்போது என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"அவனோடை உனக்கென்னடி கதை? பொலிஸ் போகட்டும். வீட்டை வா. மற்றக் கண்ணையும் எடுக்கிறன்."

அந்தக் கிளாஸையும் நான் விளிம்பு மட்டும் நிரப்பித்தான் கொடுத்தேன்.

அவர் அதைக் குடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. ஜீப் வரும். அவரைக் கொண்டுபோவார்கள். ஒரு நாள் விடுவார்கள். அவர் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டில் ஒரு அறையும் ஒரு குசினியும். குசினிக் கதவை உள்ளால் பூட்டக் கொண்டி கிடையாது.

அடியில் ஒரு மிடறு மிஞ்ச, ஆறாவதற்குக் கிளாஸை நீட்டினார். நான் கேத்திலை எடுத்தேன்.

"தங்கச்சி" என்றார் கங்காணி. மரியாதையாகத்தான் கேட்டார். "கேத்திலிலை இன்னும் இருக்கோ?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். படங்கு விலகித்தான் கிடந்தது. என் முகமும் கண்ணும் எல்லாருக்கும் தெரிந்தது. கேத்தில் கனத்தது. அரைவாசிக்கு மேல் இருந்தது.

"முடிஞ்சுது" என்றேன்.

என்னுடைய குரல் எனக்கே புதிதாய்க் கேட்டது.

"பொய்!" என்று என் மனுசன் கத்தினார். "பொய் சொல்லுறாள்! தூக்கிப் பாருங்கோ! தூக்கிப் பாருங்கோ அண்ணை!"

ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை.

"மனுசி முடிஞ்சுது எண்டால் முடிஞ்சுது" என்றார் கங்காணி.

என் மனுசன் கிளாஸை விடவில்லை. அந்த ஒரு மிடறைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்களும் நின்றார்கள். கை உதறி உதறி அதுவும் கொஞ்சம் கொஞ்சமாய் நிலத்தில் சிந்தியது. கங்காணி குனிந்து பார்த்தார். கிளாஸை அவருடைய விரல்களிலிருந்து பிரித்து எடுத்து, உடையாமல் என் பலகையில் வைத்தார். பிறகு தலைமயிரில் பிடித்து மழைக்குள் இழுத்தார்.

கொழுக்கியின் இரும்பை உள்ளங்கைக்குள் வைத்து மரப்பிடியால் அடித்தார்கள். அந்தப் பிடியின் சத்தம் எனக்குத் தெரியும். இன்னொருவருடைய உடம்பில் விழும்போது அது எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். முதலில் வாயில். பிறகு முதுகில், முழங்காலில். சேற்றில் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி மறுகாவும் அடித்தார்கள்.

"எந்தக் கையடா கொழுக்கி பிடிச்சது?"

"வலக்கை."

மீன்காரியின் மீன் வெட்டுகிற கட்டையில் அவருடைய வலக்கையை நீட்டி வைத்து இரண்டு பேர் அவர்மேல் ஏறி இருந்தார்கள். விறகுகாரனின் கோடாலியை ஒருவன் எடுத்தான். வெட்டவில்லை. பின்புறத்தால் மூன்று தரம் போட்டான். ஈர விறகு முறிகிற மாதிரித்தான் கேட்டது. அப்போது அவர் என்னைக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கலியாணம் கட்டின நாள் தொட்டு என் பெயர் அவருடைய வாயில் வந்தது அந்த ஒரு தரம்தான்.

நான் கேத்திலைப் பிடித்தபடியே நின்றேன். அடுப்பில் வைத்தால் உள்ளே இருக்கிறது தளும்பிச் சத்தம் போடும் என்று பயம். பிடித்துணி நழுவிப்போய், கைபிடியின் சூடு உள்ளங்கையில் ஏறிக்கொண்டே இருந்தது. நான் அசையவில்லை.

எல்லாம் முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அவர்கள் கொட்டிலுக்குள் வந்தார்கள். ஜீப் வருகிற சத்தம் அப்போதுதான் மதிலுக்கு அங்கால் கேட்டது. கங்காணி என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கேத்திலின் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"எல்லாருக்கும் ஊத்துங்கோ தங்கச்சி" என்றார்.

ஊற்றினேன். எட்டுப் பேருக்கும் அரைவாசி அரைவாசியாய் வந்தது. கங்காணி தன்னுடைய கிளாஸுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊதிக் குடித்தார். பொலிஸ்காரர் இறங்கி வரும்போது, என் மனுசன் சேற்றில் கிடக்க, எட்டு ஆம்பிளைகள் மழைக்கு ஒதுங்கி நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இப்பதான் வந்தனாங்கள் என்றார்கள். ஏதும் கண்டனீங்களோ என்று பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன். இவ கதைக்க மாட்டா ஐயா, வெக்கப்படுகிற ஆள் என்று யாரோ சொன்னார்.

கந்தளாய் ஆள் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்குப் போனவர், துறைமுகத்துப் பக்கம் பிறகு வரவில்லை. கழுத்து ஒரு பக்கம் சரிந்துபோய் வயலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்க வேணும்.

என் மனுசனைப் பொலிஸ் கொண்டுபோய் மறியலில் வைத்திருந்துவிட்டு அடுத்த மாரிக்கு முன்னம் விட்டார்கள். கை பொருந்தவே இல்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் வளைந்து, விரல் மடங்காமல் கிடந்தது. அவரால் எனக்கு அடிக்க ஏலாது. சோறு குழைத்து ஊட்டினதும் நான், சாரம் உடுத்தினதும் நான். அந்தச் சந்தையில் கொட்டிலும் போட்டேன். அவர் அதற்குப் பிறகு பதினொரு வருசம் இருந்தார்.

வாடைக்காற்றுத் தொடங்கினால் அந்த எலும்பு குத்தும். பின்னேரங்களில் நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிவிடுவேன். அப்படி ஒரு பின்னேரம், மழை கூரையில் கொட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அண்டைக்குக் கேத்திலிலை இருந்தது தானே?"

"ஓம்."

"எவ்வளவு?"

"எட்டுப் பேருக்கு வந்தது."

அவர் கையை இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. எலும்பு பொருந்தாத இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தி, முழங்கை மட்டும் எண்ணெயை மெல்ல இழுத்தேன்.

"நோகுது" என்றார்.

"ஓம்" என்றேன். இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டேன்.