பேச்சு வகுப்புக்கு மகளை அழைத்துப் போன நாள்

மேடை ஏறியதும் என் மாணவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள். "குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல் பிரசன்ட் ஹியர்." பிறகு தொண்டையைச் செருமுவார்கள். மின்விசிறியைப் பார்ப்பார்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் அவர்களுக்கு மேடைப்பேச்சும், வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேசும் விதமும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும்தான் என்பது நான் போட்ட விதி. அந்த விதியால் வகுப்பு ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருக்கிறதா, வெறுமனே அமைதியாக இருக்கிறதா என்று ஓசூருக்குத் திரும்பும் பேருந்தில் தினமும் யோசிப்பேன்.

வீட்டில் என் மகளும் பேசவில்லை. மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். காது நன்றாகக் கேட்டது. அப்பாவின் வண்டிச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். வேண்டியதைக் காட்ட என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். சொல் மட்டும் வரவில்லை. 'அம்மா' கூட இல்லை. எதிர் வீட்டுக் குழந்தை, இவளைவிடச் சின்னது, மாடிப்படியில் நின்றுகொண்டு காய்காரரிடம் தக்காளி விலை கேட்கும். நான் கதவைச் சாத்திவிடுவேன். இவளும் கேட்டுத்தானே பழக வேண்டும், சாத்தியது தப்போ என்று மறுபடியும் திறப்பேன்.

திருநெல்வேலியிலிருந்து மாமியார் ஞாயிறுதோறும் போன் செய்வார். "ஊர்ப் பிள்ளைய எல்லாத்துக்கும் பேசப் படிச்சுக் குடுக்க. நம்ம பிள்ள வாயத் தொறக்கக் காணும். நீ என்னத்தப் படிச்சுக் குடுக்கன்னுதான் எனக்கு வெளங்கல." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். வைத்த பிறகும் ரிசீவர் காதிலேயே இருப்பது போலிருக்கும்.

கடைசியில் ஓசூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல என்னென்ன பாஷை புழங்குது?" சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. நானும் கணவரும் தமிழ். மகள் சாயங்காலம் போய் உட்காரும் கீழ்வீட்டு உரிமையாளர் குடும்பம் தெலுங்கு. பகல் முழுக்க அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கன்னடம். நாளைக்கு எல்கேஜி இன்டர்வியூவில் திணறக் கூடாதே என்று நான் இடையிடையே ஆங்கிலம்.

"குழந்தை குழம்பிப் போயிருக்கும்மா," என்றார் மருத்துவர். "ஒரே பாஷைய வெச்சுக்கோங்க. ஆறு மாசம் பாப்போம். அப்பவும் வரலைன்னா பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

பெங்களூர் என்றால் வாரத்தில் பாதி நாள் அலைச்சல். வேலையை விட வேண்டியிருக்கும். அதைவிட, அங்கே என்ன சொல்வார்களோ என்கிற பயம். அன்று இரவே நாங்கள் முடிவு செய்தோம், தமிழ் மட்டும். கீழ்வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கென்னம்மா," என்றார். அதற்குப் பிறகு மகளைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அக்காவிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

"பாப்பாகிட்ட இனிமே தமிழ்லயே பேசுங்கக்கா. கன்னடம் வேண்டாம்."

"எனிக்கு தமிள் கொஞ்சந்தானே வர்து, மேடம்."

"வர்ற அளவுக்குப் பேசுங்க, போதும்."

அக்கா அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பேருந்தில் எல்லை தாண்டி வருபவர். வாய் ஓயாத மனுஷி. அதற்கு முன்பெல்லாம் நான் மாடி ஏறும்போதே அவர் குரல் கேட்கும். அடுப்போடு சண்டை, ஜன்னலுக்கு வரும் காக்காயோடு சண்டை, மகளிடம் நீளமாக ஏதோ ஒரு கதை. இப்போது படியேறினால் எதுவும் கேட்காது. உள்ளே போனால், "வா. உக்காரு. சாப்டு." அவ்வளவுதான். அவர் என் சொல்லைக் காப்பாற்றினார். நான் மருத்துவர் சொல்லைக் காப்பாற்றினேன். மகள் சுவரைப் பார்த்தபடி இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்ப் பிரச்சினைக்காகக் கர்நாடகத்தில் பந்த். பேருந்துகள் ஜூஜுவாடியோடு நின்றுவிட்டன. காலையில் அக்கா ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டார். "பஸ்ஸே இல்ல மேடம், எப்புடி வர்து?" கணவர் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தார். எனக்கு அன்று இறுதியாண்டு மாணவர்களுக்கு ஜிடி என்கிற குரூப் டிஸ்கஷன் ஒத்திகை. அடுத்த வாரம் கம்பெனிகள் ஆள் எடுக்க வருகின்றன. விடுப்பு கேட்கவே முடியாது. கீழ்வீட்டில் விடலாம்தான். ஆனால் எந்த முகத்தோடு? மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பர்கூர் பேருந்தில் ஏறினேன். வழி நெடுக ஏதாவது செய்துவிடுவாளோ என்று பதறினேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்றும் பதறினேன்.

வகுப்பில் பின் வரிசைப் பெண்கள் அவளை வாங்கிக்கொண்டார்கள். நான் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்துத் தலைப்பைக் கொடுத்தேன். கல்லூரிக்குள் செல்போன் தேவையா, இல்லையா. ஒருவன் எல்லோருக்கும் குட் மார்னிங் சொன்னான். மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். பிறகு மின்விசிறிச் சத்தம்தான்.

பின்னால் மட்டும் கசகசவென்று பேச்சு. தளிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், "பாப்பா, நின் ஹெசரேனு?" என்று கன்னடத்தில் பேர் கேட்கிறாள். ஒரு பையன் "ரா ரா, இட்ரா" என்று தெலுங்கில் கைநீட்டுகிறான். இத்தனை வாரம் கட்டிக்காத்ததெல்லாம் போச்சே. திரும்பிப் பார்த்து, "ப்ளீஸ், டாக் டு ஹெர் இன் தமிழ் ஒன்லி," என்றேன்.

"அதெப்டி மேடம்?" என்றான் அந்தப் பையன். "எங்களுக்கு ஒன்லி இங்லீசு, பாப்பாவுக்கு ஒன்லி தமிழா? எங்கூட்ல எங்க ஆயாவுக்கே தமிழ் வராது மேடம்."

வகுப்பு சிரித்தது. தளிப் பெண் சமாதானமாக ஒரு பிஸ்கட்டை எடுத்து மகளிடம் நீட்டினாள். "சரி பாப்பா, தமிழ்லயே சொல்றேன். இந்தா, பிஸ்கெட்டு சாப்புடு."

மகள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். "பேடா," என்றாள்.

கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். மழலை இல்லை, தடுமாற்றம் இல்லை. காய்காரர் இரண்டு ரூபாய் கூட்டிச் சொன்னால் அக்கா முகத்தைத் திருப்புவாரே, அதே தோரணை. அந்தப் பெண் நம்பாமல் மறுபடியும் நீட்டினாள்.

"பேடா!"

"மேடம், பாப்பா பேசிச்சு மேடம்!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். இன்னொருவன் எழுந்து நின்றான். "மேடம், இன்னிக்கு ஜிடில மொதல் பாயின்ட் பாப்பாதான் சொல்லிச்சு. அதுவும் அகெய்ன்ஸ்டுல."

நான் அவள் அருகில் போய் மண்டியிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தும், "அம்மா சொல்லு," என்றேன்.

அவள் யோசித்தாள். "பேடா," என்றாள்.

வகுப்பை நடத்தியாக வேண்டும், கண் கலங்கியிருந்தது, கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அந்த எட்டுப் பேரிடமும், "அஞ்சு நிமிஷம் எந்த பாஷையில வேணும்னாலும் சண்ட போடுங்க. அப்புறம் இங்லீஷ்ல சொல்லலாம்," என்றேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் போட்ட சண்டையில் துறைத் தலைவர் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு பேசிய ஆங்கிலம் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது. மின்விசிறியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. வேலைத் தேர்வுக்கு இது உதவுமா, கெடுக்குமா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, அடுத்த வாரமும் தெரியவில்லை. சிலருக்கு வேலை கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை.

இரவு கணவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருபது தடவை சொல்லவைத்தார். "ஊருக்குப் போன் போடட்டுமா?" என்றார். "கன்னடத்துலன்னு சொல்லுவீங்களா?" என்றேன். போடவில்லை.

மறுநாள் பேருந்துகள் ஓடின. அக்கா வந்ததும் வராததுமாக, "அக்கா, நேத்து பாப்பா பேசிட்டா. 'பேடா'ன்னு சொன்னா," என்றேன்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான் சொல்லிக் குடுக்கல மேடம். தேவராணே, சாமி சத்தியமா. நீங்க சொன்ன மேல தமிள்தான்."

"திட்டலக்கா, நான் சந்தோஷமா…"

"பாத்ரூம்ல மட்டும்," என்றார் தலைகுனிந்து. "குளிக்க வெக்கறப்போ. கதவு சாத்திட்டு, கொழாய தொறந்து வுட்டுட்டு, ரெண்டு பேச்சு பேசுவேன். பேசாம எப்புடி மேடம் கொளந்தைய குளிக்க வெக்கறது?"

என் வீட்டில், பூட்டிய குளியலறையில், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில்.

"இனிமே கதவ சாத்தாதீங்கக்கா. எங்க வேணா பேசுங்க. கீழ்வீட்டு அம்மாகிட்டயும் நானே சொல்றேன்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "டாக்டரு கேட்டா?"

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

துணிச்சலாகச் சொல்லிவிட்டேன். கல்லூரிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மருத்துவரிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று தொடங்குவதா? ஒரு சொல் வந்துவிட்டது என்று தொடங்குவதா? ஒரே சொல்தானே, அதை வைத்து எப்படி வாதாடுவது? சூளகிரி தாண்டியும் முதல் வாக்கியம் அமையவில்லை.