கோழி இறகில் சிக்கிய துரைமீன்

எங்கள் தோட்டத்துப் பெரிய துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குக் கிளம்பியபோது, அவர் கொடுத்துவிட்டுப் போன சாமான்களுக்கும் ஒரு பதவி வரிசை இருந்தது. பெரிய கிளாக்கருக்குச் சுவர்க்கடிகாரம். டீமேக்கருக்குக் கிராமபோன். பங்களாவில் ஆண்டுக்கணக்காக அவருக்குச் சமைத்துப்போட்ட என் அப்பாவுக்கு ஒரு பழைய தூண்டில் கம்பும் ஒரு பிஸ்கட் டின்னும். டின்னுக்குள் பிஸ்கட் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்கு அதில் இருந்தவற்றின் மேல் கவனம் போனது.

இருந்தவை எல்லாம் பொய் இரைகள். கண்ணாடிக் கண் வைத்த சிறிய மரமீன்கள், தேக்கரண்டியின் வாய் போல வளைந்த வெள்ளைத் தகடுகள், பட்டாணி அளவு ஈயத்தலையும் பின்னால் சிவப்பு இறகு வாலும் கொண்ட கொக்கிகள். கனடாவிலிருந்த துரையின் தம்பி அனுப்பிவைத்தவை அவை. அங்கே ஏரிகளில் பாஸ் என்றொரு மீன் உண்டாம், இதைத்தான் விரும்பிக் கடிக்குமாம். எங்கள் துரை அவற்றை ஒருநாளும் ஆற்றுக்குக் கொண்டுபோனதில்லை. நூலாலும் இறகாலும் கட்டிய, கொசு மாதிரியான ஒன்றைத் தண்ணீர்மேல் வீசித்தான் அவர் மீன் பிடிப்பார். அந்தக் கொசுக்களையும் நல்ல கம்பையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார். தனக்கு உதவாததைப் பெரிய மனதோடு பிறருக்கு வழங்கும் இந்த முறையைப் பின்னாளில் அரசாங்க அலுவலகங்களிலும் நான் நிறையப் பார்த்தேன்.

அப்பா அப்படியெல்லாம் யோசிக்கிறவர் அல்ல. தூண்டிலைக் கொடுத்த துரை ஆற்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். துரைக்குப் பின்னால் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்த அனுபவத்தை மீன் பிடித்த அனுபவமாகவும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

புதிதாக வந்த துரை கொழும்பைச் சேர்ந்த சிங்கள இளைஞர். மரியாதையானவர், மெதுவாகப் பேசுபவர். தன் அம்மா வீட்டில் இருக்கும் சமையல்காரரை இங்கே வரவழைக்க அவர் யோசிக்கிறார் என்று பெரிய கிளாக்கர் அப்பாவின் காதில் போட்டார். அப்படி நடந்தால் பங்களாவுக்குப் பின்னால் இருந்த எங்கள் இரண்டு அறை வீடு போய்விடும். தொழிலாளர்கள் இருக்கும் லயத்துக்குப் போய், அப்பா கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துத் தேயிலைச் செடி வெட்ட வேண்டும். வெங்காயம் வெட்டுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கே தெரியும். நான் டவுன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகவேண்டியிருக்கும். எனக்கு அப்போது பத்து வயது.

இந்த நிலையில் சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வி.ஏ. துரை வருவதாகத் தகவல் வந்தது. கம்பெனியின் சார்பில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிப் பார்த்து, எது சரி, எது பிழை என்று எழுதுகிற வயதான வெள்ளைக்காரர் அவர். அவருக்கு ட்ரவுட் மீன் என்றால் உயிர். குளிர்ந்த மலையாறுகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் அது. லயத்து மக்கள் அதைத் துரைமீன் என்றார்கள். அது அவர்கள் சட்டிக்கு வருவதில்லை என்பதால் வேறு பெயர் தேவைப்படவில்லை.

“இங்கே ட்ரவுட் கிடைக்கும் என்கிறார்களே, உன்னால் பிடிக்க முடியுமா?” என்று புதிய துரை இங்கிலீஷில் கேட்டார்.

“யெஸ் சேர்” என்றார் அப்பா. ‘நோ’ என்ற சொல்லை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் அப்பா ஆற்றுக்குப் போனார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் கூடவே போனேன். அப்பா சமையல்காரராகவே மீன் பிடித்தார். மரமீனுக்கு மாசிக்கருவாட்டுத் தூளும் மிளகும் தடவி, எலுமிச்சம்புளி விட்டு ஊறவைத்திருந்தார். அதை மடுவில் எறிந்துவிட்டு, அடுப்பில் வைத்த சட்டியைப் பார்ப்பது போலப் பொறுமையாகக் காத்திருந்தார். மரமீன் அடியில் போய்ப் பாறைக்குள் மாட்டிக்கொண்டது. நூல் அறுந்தது. மறுநாள் வெள்ளைத் தகட்டுக்குச் சீரகத்தூள்.

ஆற்றோரத்தில் பங்களாத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏங்க, கொஞ்சம் கருவேப்பிலையும் தாளிச்சுப் போடுங்க. மீனு தட்டோட வந்து ஒக்காரும்.”

“உனக்கு என்னா தெரியும்? மீனுக்கும் நாக்கு இருக்குதானே.”

“இருக்கு. அதான் உங்க சமையல வாயில வைக்க மாட்டேங்குது.”

வியாழக்கிழமைக்குள் டின்னிலிருந்த பொய் இரைகள் தீர்ந்துவிட்டன. ஈயத்தலைக் கொக்கி ஒன்று மட்டும் மிஞ்சியது. அதன் இறகு வாலைக் கரப்பான் அரித்திருந்தது. அதற்கு எந்த மசாலா என்று முடிவுசெய்யாமலே, காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அப்பா பங்களாவுக்கு ஓடினார். கம்பைச் சுருட்டி எடுத்து வரும் பொறுப்பு எனக்கு.

நான் சுருட்டவில்லை. மடுவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறையில் குந்தி, கொக்கியைத் தண்ணீருக்குள் இறக்கினேன். அப்பாவைப் போலவே அசையாமல் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கெண்டைக்காலில் ஏதோ ஈரமாக ஊர்ந்தது. பார்த்தால் அட்டை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அட்டைக்குப் பயப்படமாட்டார்கள் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் சொல்லுவார்கள். நான் பயந்தேன். ஒரு கையால் கம்பைப் பிடித்தபடியே மறுகையால் அதைச் சுண்டினேன். அது விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன். கையை உதறினால் உடம்பு முழுவதும் உதறும், கம்பும் சேர்ந்து உதறியது. தண்ணீருக்குள் அந்த மொட்டைக் கொக்கி துள்ளி எழுந்து, விழுந்து, மறுபடி துள்ளியது.

மடுவின் அடியிலிருந்து ஒரு நிழல் புறப்பட்டு வந்து அதை முட்டியது. கம்பு ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது. மேலே இழுத்தபோது கொக்கி இல்லை.

கடைசி இரையையும் தொலைத்துவிட்டேன் என்று அழவேண்டிய நேரம் அது. எனக்கோ சிரிப்பு வந்தது. மீனுக்கு வேண்டியது மாசி இல்லை, ருசியும் இல்லை. எழுந்து விழுந்து தப்பி ஓடுகிற எதையாவது கண்டால் அதற்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பூனைக்கும் அதே குணம்தான்.

டின்னின் மூலையில் வெறும் கொக்கிகள் சில கிடந்தன. ஈயம்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அலமாரியாக நின்றது ஒரு பழைய தேயிலைப் பெட்டி. அதன் உட்பக்கத்தில் ஈயத்தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்து, கொக்கியின் கழுத்தில் சுற்றி, அம்மிக்குழவியால் தட்டித் தட்டி உருண்டையாக்கினேன். இறகுக்கு அப்பாவே வழி செய்துவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பங்களாவுக்காக அறுத்த சேவலின் கழுத்து இறகுகள் குசினிக்குப் பின்னால் குவிந்திருந்தன, செம்மண் நிறத்தில், நெருப்புப் போல மினுங்கிக்கொண்டு. நான்கை எடுத்து அம்மாவின் தையல் நூலால் கட்டினேன்.

அப்பா அதை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

“ஒண்ணுமே தடவலயே பாப்பா?”

“தடவக் கூடாதுப்பா. ஆட்டணும்.”

“ஆட்டுனா?”

“வரும்.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வழியும் இல்லை. சனிக்கிழமை காலையில் அவரால் அடுப்பை விட்டு நகரவும் முடியாது. மீன் கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு டின் சாமன் மீனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார். புதிய துரையின் அம்மா வீட்டுச் சமையல்காரரும் அதே டின் மீனைத்தான் சமைப்பார், அதை இன்னும் நன்றாகவே சமைப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பாறையின்மேல் நான் ஒருத்தி. பனி அப்போதுதான் ஆற்றை விட்டு மேலேறிக்கொண்டிருந்தது. கொக்கியை இறக்கினேன். மடுவின் அடியைத் தொட்டதும் மணிக்கட்டால் ஒரு சுண்டு. அது துள்ளியது. விழவிட்டேன். மறுபடி ஒரு சுண்டு. அட்டையை உதறியது போல வேகமாக உதறினால் நிழல் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. மெதுவாக இழுத்தால் வரவே இல்லை. சுண்டிவிட்டு, செத்தது போல விழவிட்டு, விழுந்த பிறகு கொஞ்சம் பொறுத்தால் அருகே வந்து நின்றது. கொக்கி மேலே போகும்போது அல்ல, விழும்போதுதான் மீன் அதைப் பார்க்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதை இந்த வயதிலும் கொஞ்சம் திமிரோடுதான் எழுதுகிறேன்.

சுண்டினேன். விழவிட்டேன். பொறுத்தேன்.

கம்பு தண்ணீருக்குள் போய்விடும் போல வளைந்தது. ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு சுழன்றது. மீன் மடுவைச் சுற்றி ஓடியது, பாறைக்கடியில் போகப் பார்த்தது, வெளியே பாய்ந்து உடம்பை முறுக்கி விழுந்தது. அதன் விலாவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மின்னியது. நான் கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அம்மா, அம்மா” என்று கத்தினேன்.

சற்றுத் தள்ளித் துவைத்துக்கொண்டிருந்த அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

“கம்ப விட்றாத, குட்டி. விட்டே, உன்னையத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்.”

மீன் களைத்துக் கரைக்கு வந்தபோது அதை அள்ள வலை இல்லை. அம்மா கையில் இருந்ததை விரித்து, மீனின்மேல் போட்டு, அப்படியே சுருட்டி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள். கையில் இருந்தது வி.ஏ. துரைக்காக அன்று விரிக்கவேண்டிய வெள்ளை மேசை விரிப்பு. அதை மறுபடி துவைத்து, கரிப்பெட்டி போட்டுத் தேய்த்துக் காயவைத்து, அதன்மேலேயே அந்த மீனைப் பரிமாறினோம்.

மீன் என் கை நீளம் இருந்தது. அப்பா அதைக் கண்டதும் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு டின் மீனை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். மாசி, சீரகம் எதையும் தொடாமல், வெண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்து அதைச் சமைத்தார்.

பகல் சாப்பாட்டின்போது நான் சாப்பாட்டு அறைக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த கதவிடுக்கில் நின்றேன். வி.ஏ. துரை முதல் துண்டைச் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினார். யார் பிடித்தது என்று கேட்டார்.

தான் பிடித்ததாக அப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டிய தேவையும் இருந்தது.

“மை டாட்டர், சேர்” என்றார்.

எதைக் கொண்டு பிடித்தாள் என்பது அடுத்த கேள்வி. அப்பா பெருமையோடு குசினிக்கு வந்து, என் கொக்கியைக் கழுவி, ஒரு சோசர்த் தட்டில் வைத்து எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தார். வி.ஏ. துரை அதைக் கையில் எடுத்தார். ஈயத்தை நகத்தால் கீறினார். இறகைத் தடவினார். புதிய துரை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை வேறு யார் பார்த்தார்கள்?” என்று வி.ஏ. துரை கேட்டார்.

“என் சம்சாரம் சேர். அப்புறம் எறகு குடுத்த சேவல். அது செத்துப்போச்சு, சேர்.”

வி.ஏ. துரை என் கொக்கியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். புதிய துரையிடம், இந்த மனிதரை வேறு தோட்டத்துக்காரர் யாரும் தட்டிக்கொண்டு போக விட்டுவிடாதே என்றார். அப்பாவிடம், “நாளையிலிருந்து ஆற்றுக்கு ஓய்வு கொடுக்கச் சொல், உன் மகளை” என்றார். பிறகு மூன்றாவது துண்டைக் கேட்டார். கொழும்புச் சமையல்காரரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் எழவில்லை.

அந்த ஆற்றின் விதிகள் பல வருடங்களுக்குப் பிறகு வேலையின் நிமித்தம் என் மேசைக்கு வந்தன. இறகுக்கொசு தவிர வேறு எந்த இரையும் கூடாது. ஈயம், தகடு, மரம் எல்லாம் தடை. அனுமதிப் பத்திரம் இல்லாமல் கம்பை நீட்டினாலே வழக்கு. ஒரே மீனில் அத்தனை விதியையும் மீறிய விண்ணப்பதாரர் வேறு யாரையும் நான் சந்திக்கவில்லை. ஆற்றில் மீன்குஞ்சு விட்டு, காவல் போட்டு, மீறியவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் வேறு யாருமல்ல, அதே வி.ஏ. துரைதான். அன்று சாட்சியத்தின் பெரும்பகுதியை அவரே சாப்பிட்டுவிட்டார். மிச்சம் அவருடைய பைக்குள் போய்விட்டது. இந்த நாட்டில் இருப்பதற்கே குடியுரிமைப் பத்திரம் தேடிக்கொண்டிருந்த குடும்பம், ஆற்றில் கம்பை நீட்டவும் ஒரு பத்திரம் வேண்டும் என்று எப்படி யோசித்திருக்கும்?

இதெல்லாம் பத்து வயதுக்காரிக்குத் தெரியாது. அப்பா குசினிக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும், அவர் குடித்த தண்ணீரில் பாதி சட்டையில் சிந்தியதும் பெருமையால் என்றுதான் நினைத்தேன். என் கொக்கியைத் திருப்பி வாங்காமல் வந்ததற்காக அவரோடு சண்டை போட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னேன். நான் இப்படியே பிடித்துக்கொண்டு போனால் ஆற்றில் ஒரு மீனும் மிஞ்சாது என்று வி.ஏ. துரையே பயந்துபோய், ஓய்வு கொடுக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார் என்றேன்.

மீன்கள்மேல் இரக்கப்பட்டு, நானும் சம்மதித்தேன்.